ஒட்டுப்போட்ட வில்லும் வில்தான்

ஒரே தண்டில் இழைத்தால்தான் வில், இரண்டு துண்டைச் சேர்த்து ஒட்டினால் அது வில்லே அல்ல என்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்தில் வில்லைப் பற்றிப் பேச்செடுத்த இடமெல்லாம் இந்தத் தீர்ப்பு தயாராக நிற்கிறது. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுக் குழுவை அழைக்கும் விழாக் கமிட்டியார் சொல்கிறார்கள். மரவில் செய்து அம்பெய்து பழகும் இளைஞர்கள் சொல்கிறார்கள். மரத்தோடு மரத்தைச் சேர்ப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஆசாரிகளிலும் சிலர், வில் என்று வந்துவிட்டால் மட்டும் "அதுல ஒட்டு வைக்கக் கூடாதுப்பா" என்று மறுத்துவிடுகிறார்கள். இந்தக் கருத்து மரத்தின் இயல்புக்கு முரணானது, வரலாற்றுக்கு முரணானது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் வாழும் இந்த வறண்ட மண்ணுக்கு முரணானது.

அவர்கள் கட்சியை அவர்கள் சொல்கிறபடியே முதலில் வைத்துவிடுகிறேன். மரத்தின் நார் அடியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓடுகிறது. வில்லின் பலம் அந்த நாரில் இருக்கிறது. எங்கே நாரை வெட்டினாலும் அங்கே பலம் போய்விடும், பசை அதை ஈடுகட்டாது. நாணேற்றி இழுத்த வில் முறிந்தால் துண்டு முகத்தில் வந்து அடிக்கும். ஆகவே இது கண்ணும் பல்லும் சம்பந்தப்பட்ட விஷயம். முன்னோர்களின் வில்லும் ஒற்றைத் தண்டுதான். 1545-இல் மூழ்கி 1982-இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் 172 வில்கள் கிடைத்தன. அவை ஒற்றை யூ மரத் தண்டில் இழைத்தவை. இந்தியப் பழங்குடிகள் பலருடைய வில்லும் ஒற்றை மூங்கில்தான். ஒட்டு என்பது நல்ல மரம் தேடப் பொறுமை இல்லாதவர் எடுக்கும் குறுக்குவழி. அதன்மேல் துணியைச் சுற்றி விற்பது ஏமாற்று. இவ்வளவும் அவர்கள் வாதம்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. மோசமான ஒட்டு விட்டுப்போகும், விட்டும் போயிருக்கிறது. நேரான, கணு இல்லாத ஆறடி மரம் கையில் இருப்பவர் அதை நடுவில் அறுத்து ஒட்ட வேண்டியதும் இல்லை. இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டே, எந்த ஒட்டும் ஆகாது, எந்த இடத்திலும் ஆகாது, எப்போதும் ஆகாது என்ற தடையை மறுக்கிறேன்.

1. வில் எங்கே வளைகிறது என்று பார்த்துவிட்டா இப்படிச் சொல்கிறார்கள்?

நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு, அதாவது எய்பவருக்கு எதிர்ப்பக்கம், இழுபடுகிறது; வயிறு, அதாவது எய்பவரைப் பார்த்த பக்கம், அமுங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் அடுக்கு இழுபடுவதும் இல்லை, அமுங்குவதும் இல்லை. முதுகும் வயிறும் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் மரத்தின் தடிமனுக்குத்தான் முதல் பங்கு. தடிமனை இரு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகிறது. அதே பாரத்துக்கு மேற்பரப்பில் ஏறும் தகைவு நான்கில் ஒன்றாகிறது. நடுவில் உள்ள பிடியைத் தடித்தும், அதன் இருபுறமும் நீளும் இரு கைகளை மெலித்தும் வில்லை இழைப்பது இதனால்தான்.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். கை நடுவில் அரை அங்குலத் தடிமனும் பிடியில் ஒன்றேகால் அங்குலமும் உள்ள வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். வளைக்கும் விசை பிடியில்தான் அதிகம் என்பது சரி. கையின் நடுவில் இருப்பதைப்போல் அது இரு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பிடியின் தடிமன் இரண்டரை மடங்கு. இரண்டரையை இரண்டரையால் பெருக்கினால் ஆறேகால். பிடிக்க வசதியாக அகலத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்திருந்தாலும்கூட, கையின் மேற்பரப்பில் ஏறுவதில் பாதியளவு தகைவுதான் பிடியில் ஏறும். வளைவைக் கண்ணால் பார்த்தாலும் இதுவே தெரியும்: இரண்டு கைகளும் வளைகின்றன, பிடி கட்டையாக நிற்கிறது.

ஒட்டு வைப்பது அந்தப் பிடியில். தொழில் தெரிந்த எவரும் கையின் நடுவில், வளைவு முழுதும் கூடுகிற இடத்தில், ஒட்டு வைக்கமாட்டார். அப்படி வைத்த வில்லை நானும் கையில் எடுக்கமாட்டேன். முறிந்த வில்களை எடுத்துப் பாருங்கள். கணுவில் முறிந்திருக்கும், இழைப்புளி ஓர் இடத்தில் கூடுதலாகக் கடித்து மெலிந்த இடத்தில் முறிந்திருக்கும், நார் சாய்ந்து முதுகை விட்டு வெளியேறும் இடத்தில் முறிந்திருக்கும். இவை ஒற்றைத் தண்டிலும் உண்டு, இரட்டைத் தண்டிலும் உண்டு. ஒட்டின்மேல் போடும் பழியில் பெரும்பகுதி கையில் நேரும் இந்தக் குறைகளுக்குப் போய்ச் சேர வேண்டியது.

2. "வெட்டிய நாரைப் பசை ஈடுகட்டாது" என்கிறார்களே, எந்த வெட்டைச் சொல்கிறார்கள்?

குறுக்கே அறுத்து முட்டுக்கு முட்டு வைத்து ஒட்டினால் நிச்சயம் ஈடுகட்டாது. குறுக்கு வெட்டில் மரம் முழுக்கத் திறந்த குழாய்கள். பசையை உறிஞ்சிக் குடித்துவிடும், பிடிப்பு இராது. இதை நேற்று உளி பிடித்த பையனும் அறிவான். ஆனால் அது வில்லுக்குரிய ஒட்டே அல்ல.

வில்லுக்குரியது மீன்வால் வெட்டு. தச்சர் அதைச் செய்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். இரண்டு துண்டுகளையும் முதலில் ஒன்றேகால் அங்குலச் சதுரமாக இழைத்துக்கொள்கிறார். முனையிலிருந்து நாலு அங்குலம் அளந்து சுற்றிலும் கோடு போடுகிறார். அந்த நாலு அங்குலத்துக்குள் ஒரு துண்டில் கூரான பற்களும், மற்றதில் அவை போய் அமரும் பள்ளங்களும் வரும்படி மெல்லிய ரம்பத்தால் சரிவாக அறுக்கிறார். கோட்டைத் தொடாமல், கோட்டுக்கு வெளியே அறுப்பு ஓடுகிறது, மிச்சம் உளிக்கு. பிறகு ஒரு முகத்தில் கரிப்பொடியைத் தடவி, மற்றதைப் பொருத்தி, மெல்லத் தட்டிக் கழற்றுகிறார். கரி ஒட்டிய இடம் மேடு. அந்த மேட்டை மட்டும் உளியால் ஒரு சுருள் சீவுகிறார். மறுபடி கரி, மறுபடி தட்டு, மறுபடி ஒரு சுருள். முகம் முழுதும் ஒரே சீராகக் கறுக்கும்வரை இது நிற்காது. இதைப் பொறுமை இல்லாதவரின் குறுக்குவழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படி வரும் சரிவு முகங்கள் நான்கு. ஒவ்வொன்றும் நாலு அங்குல நீளம், ஒன்றேகால் அங்குல ஆழம்: ஐந்து சதுர அங்குலம். நான்குக்கும் சேர்த்து இருபது. முட்டுக்கு முட்டு வைத்திருந்தால் கிடைத்திருக்கும் பரப்பு ஒன்றரைச் சதுர அங்குலத்துக்குச் சற்று மேல். ஏறத்தாழ பதின்மூன்று மடங்கு கூடிவிட்டது. பரப்பைவிடச் சரிவு முக்கியம். நாலு அங்குலம் ஓடுவதற்குள் ஒரு முகம் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட மட்டுமே இறங்குகிறது. அதாவது பன்னிரண்டுக்கு ஒன்றைவிடவும் மென்மையான சாய்வு. அந்தச் சாய்வில் பசை பிடிப்பது பெரும்பாலும் நாரின் பக்கவாட்டை, வெட்டுவாயை அல்ல. நல்ல பசையால் இப்படிச் சேர்த்த துண்டை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தால், பிரிவது பசைக்கோடு அல்ல; கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மரம் சிலாம்பாகப் பிய்ந்து வருகிறது. மர விமானங்களின் சட்டங்களை நீட்டவும் இதே அளவுச் சரிவில்தான் ஒட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ விமானம் மரப்பலகையையும் பசையையும் நம்பிக் கட்டியது. வானத்தில் மனித உயிரைத் தாங்கிய ஒட்டு, வில்லின் பிடியைத் தாங்காது என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

3. அறுபடாத ஒரே நார் இரண்டு கைகளுக்கும் ஒரே பலம் தருகிறதா?

தருவதில்லை. மரத்துக்கு அடி உண்டு, நுனி உண்டு. அடிப்பக்கம் கனத்தும் முதிர்ந்தும் இருக்கும். நுனிப்பக்கம் இளசு, கிளை வெடித்த கணுக்கள் அங்கேதான் கூட்டம். ஆறடி ஒற்றைத் தண்டில் ஒரு கை அடிமரம், மறு கை நுனிமரம். ஒரே அளவுக்கு இழைத்தால் இரண்டும் ஒரே மாதிரி வளையாது. ஒன்றை மெலித்து மெலித்து மற்றதற்கு இணையாகக் கொண்டுவர வேண்டும். வில் செய்பவரின் பாதி உழைப்பு இந்தச் சமன்படுத்தலில் போகிறது.

ஒட்டு வில்லுக்கு மரம் தேர்வதே வேறு. மூன்றடிக் கட்டை ஒன்றை நெடுக்காகப் பிளந்தால் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒரே ஆண்டு வளையங்கள், ஒரே வைரம், ஒரே நார் ஓட்டம், ஒரே ஈரப்பதம். அவற்றை அடியோடு அடி சேர்த்து நடுவில் கோத்தால் இரு கைகளும் உடன்பிறந்தவை. ஒரு கை ஒரு பக்கம் இலேசாகச் சாய்ந்தால் மற்றதும் அதற்கு ஈடாகவே சாயும். சமநிலை என்பதை வில்லின் முதல் குணமாகக் கொண்டால், பிளந்து சேர்த்த தண்டு முழுத் தண்டைவிட ஒரு படி முன்னே நின்று தொடங்குகிறது. ஒற்றைத் தண்டுக் கட்சியினர் இதற்குப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

4. மரபில் இல்லை என்பது எந்த மரபை வைத்து?

மேரி ரோஸ் ஒரு கப்பல். உலகம் அந்தக் கப்பலோடு முடியவில்லை. அதே இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் வில் செய்தவர்கள் இரண்டு யூ துண்டுகளைப் பிடிக்குள் கோத்தே ஏராளமான வில்களைச் செய்தார்கள். அவற்றையும் ஒற்றை மர வில் என்ற வகுப்பிலேயே வைத்தார்கள். மரம் ஒன்றாக இருந்தால் போதும், துண்டு இரண்டானாலும் சரி என்பது அவர்கள் கணக்கு.

துருக்கியரின் வில்லைப் பாருங்கள். அதன் உள்மரம் ஐந்து துண்டு: பிடி ஒன்று, கைகள் இரண்டு, நாண் மாட்டும் முனைகள் இரண்டு. அந்த ஐந்தையும் கூராகச் செதுக்கி ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டி, வயிற்றில் கொம்பையும் முதுகில் தசைநாரையும் வைத்துப் பசையால் கட்டினார்கள். தொலைதூரம் எய்வதில் அந்த வில்லோடு ஒற்றை மர வில் எதுவும் போட்டியிட்டதில்லை. நம் நாட்டு முகலாயப் படையின் கொம்பு வில்லும் அதே குடும்பம். 1922-இல் திறக்கப்பட்ட எகிப்தின் தூத்தன்காமன் கல்லறையில் மரமும் கொம்பும் தசைநாரும் ஒட்டிய வில்கள் இருந்தன. அவற்றின் வயது மூவாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல். ஜப்பானியர் முற்காலத்தில் ஒற்றை மரத்தில்தான் வில் செய்தார்கள். பிறகு மூங்கிலையும் மரத்தையும் அடுக்கி ஒட்டத் தொடங்கியவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழடிக்கும் மேல் உயரமுள்ள அவர்களுடைய இன்றைய வில் அந்த ஒட்டின் பிள்ளை. பூட்டானுக்கு வில்வித்தை தேசிய விளையாட்டு. அவர்களுடைய மரபு வில் இரண்டு மூங்கில் துண்டுகளை நடுவில் சேர்த்தது. சுமார் 140 மீட்டர் தூரத்து இலக்கை அதை வைத்து அடிக்கிறார்கள். ஒலிம்பிக் மைதானத்து வில்லோ பிடி ஒன்று, கைகள் இரண்டு என்று மூன்றாகக் கழன்று பெட்டிக்குள் போகிறது.

இந்திய நூல்களுக்கு வருவோம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் படைக்கலச் சாலையைச் சொல்லும்போது பனை, மூங்கில், மரம், கொம்பு என்று வில்லுக்கான பொருள்களை வரிசையாகச் சொல்கிறது. பனைக்கு அங்கே முதலிடம். ஒட்டாதே என்ற தடை அந்தப் பட்டியலில் இல்லை. தச்சு நூல்களான மயமதமும் மானசாரமும் மரத்தைச் சேர்ப்பதற்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கின்றன; பன்றி மூக்கு முதலான வடிவங்களில் பொருத்துகளை வகை பிரித்து, எதை எங்கே போட வேண்டும் என்று சொல்கின்றன. பொருத்து என்பது தச்சனின் குறைபாடு என்று எண்ணிய மரபு இப்படி அத்தியாயம் எழுதுமா?

5. வெயிலுக்குப் பசை நிற்காது என்பது இந்த ஊருக்கே பொருந்தாத பயம்.

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் ஏன் வேர்விட்டது? 1920-களில் ஐயநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தொழில் இங்கே நிலைத்ததற்கு, மழை குறைந்த இந்த வறண்ட காற்று ஒரு முதற்காரணம். மருந்து தோய்த்த குச்சி இங்கே சீக்கிரம் காய்கிறது, பட்டாசும் அப்படியே. அதே காற்று மரத்தை உலர்த்துகிறது, அதே காற்று பசையையும் காக்கிறது. தச்சர்களின் பழைய பசையான வச்சிரத்துக்கு எதிரி ஈரம். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த அந்தப் பசைக்கட்டியை இரவெல்லாம் ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்து இளக்குவார்கள். நேர்த் தீயில் கொதிக்கவிட்டால் சத்துப் போய்விடும். ஆறி இறுகியபின் அது மரத்தோடு மரமாகிவிடும். கடலோரச் சதுப்பில் அதை நம்பத் தயங்கலாம். சாத்தூரில் தயங்க வேண்டியதில்லை.

வெயிலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் என் வாதம் நேர்மையாக இராது. கடைகளில் கிடைக்கும் சாதாரண வெள்ளைப் பசை, நாணேற்றிய பாரம் மணிக்கணக்கில் நிற்கும்போது, வெப்பத்தில் மெல்ல மெல்ல வழுகும். அலமாரிக்கும் நாற்காலிக்கும் போதுமான பசை வில்லுக்குப் போதாது. வில்லுக்கு வச்சிரம் வேண்டும், இல்லையென்றால் இரண்டு குழாயைக் கலந்து பூசும் எபாக்சியோ, படகு கட்டுவோர் நம்பும் ரெசார்சினால் வகையோ வேண்டும். எபாக்சி வில்லை மே மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் போட்டுவைக்கக் கூடாது. தவறான பசையைப் போட்டுவிட்டு ஒட்டு விட்டுப்போனதே என்பவர் பசையைத்தான் குறைசொல்ல வேண்டும். மஸ்கிட்டோ விமானத்துக்கு முதலில் போட்ட பால்புரதப் பசை ஈரத்துக்கு நிற்கவில்லை என்று கண்டதும் செயற்கைப் பசைக்கு மாறினார்கள். ஒட்டுவதை யாரும் நிறுத்தவில்லை.

6. சாமி காரியத்துக்கு ஒட்டு மரம் ஆகாதாம்.

வில்லுப்பாட்டு வில்லுக்கு இந்தத் தடையைச் சொல்கிறார்கள். அம்மன் கதையும் மாடன் கதையும் பாடும் வில் பழுதில்லாத மரமாக இருக்க வேண்டும், ஒட்டு மரம் மூளி என்பது அவர்கள் பேச்சு. பக்தியை மதிக்கிறேன், ஆனால் ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் ஏறிவரும் தேர் எத்தனை துண்டு மரம்? சட்டத்தில் சட்டம் நாக்கும் துளையுமாக ஏறி, ஆப்பு இறுகி, அடுக்கடுக்காக எழுந்து நிற்பது அது. சாமி புறப்படும் குதிரை வாகனமும் யானை வாகனமும் தனித்தனியாகச் செதுக்கிச் சேர்த்தவை. கோயில் கதவு சேர்த்த பலகை. ஒட்டு தீட்டு என்றால் இவற்றில் எதன்மேலும் சாமி ஏறியிருக்கக் கூடாது. மூளி என்பது உடைந்து விட்டுப்போனதற்கு உரிய சொல். முறைப்படி கோத்து இறுக்கியது மூளி ஆகாது.

ஒலி கெடும் என்பதும் இதோடு சேர்ந்து வருகிறது. வில்லுப்பாட்டில் ஒலிப்பது வீசுகோல் விழும் நாண், அதனோடு குலுங்கும் மணிகள், குடம், உடுக்கை, கட்டை, ஜால்ரா. தண்டின் வேலை நாணை விறைப்பாக நிறுத்துவது. ஒட்டு தளர்ந்தால் நாணும் தளரும், ஒலி கெடும். இறுகியிருந்தால் கெட வழியே இல்லை. தண்டின் நடுப்பகுதிதான் குடத்தோடு பொருந்தி உட்காருகிறது. ஒட்டு வைக்கும் இடமும் அதுவே. ஒட்டின்மேல் நூல்கட்டும் வயிற்றுப்பக்கம் ஒரு பத்தையும் வைக்க அதைவிடத் தோதான இடம் இல்லை.

7. கடைசியாக, இந்த விதி எந்த மண்ணுக்காகப் பிறந்தது?

ஒற்றைத் தண்டு விதி நீண்ட நேர்மரம் வளரும் நாட்டின் விதி. அந்த நாட்டுக்கே அது கட்டுபடியாகவில்லை. இங்கிலாந்தில் யூ மரம் போதாமல் போனதால், 1472-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: துறைமுகத்துக்கு வரும் கப்பல் ஒவ்வொரு பீப்பாய் அளவுச் சரக்குக்கும் நான்கு வில்தண்டு கொண்டுவர வேண்டும். அந்தப் பசிக்கு பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் யூ காடுகள் இரையாயின. அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கேயும் நல்ல மரம் அரிதாகிவிட்டது. ஒற்றைத் தண்டைத் தவிர வேறு எதையும் ஏற்கமாட்டேன் என்ற பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நம் மண்ணைப் பார்ப்போம். இரண்டு அங்குலத் தீக்குச்சிக்கே நமக்குக் கேரளத்து மென்மரம் வர வேண்டியிருக்கிறது. கரிசலில் நிற்பவை கருவேலம், உடை, வேம்பு, வேலிக்கருவை. கருவேலம் கலப்பைக்கும் வண்டிக்கும் கைப்பிடிக்கும் உழைத்த மரம். அதன் கடினத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் ஆறடிக்கு வளையாமல், கணு இல்லாமல் ஒரு கருவேலந்தண்டை இந்த மாவட்டத்தில் தேடிக் களைத்தவர்களுக்குத் தெரியும், மூன்றடிக்கு மேல் நேராகப் போவது அபூர்வம். வேலிக்கருவையும் அப்படியே. உலரும்போது மிகக் குறைவாகச் சுருங்கும், அடர்த்தியான மரம் அது. பொருத்து வேலைக்கு அந்தக் குணம் ஒரு வரம். மூன்றடி நேர்த்துண்டுகள் அதில் கிடைக்கின்றன. அவை கரிமூட்டத்துக்குப் போகின்றன. மேற்கே மலையில் நேர்மரம் உண்டே என்றால், அது 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அங்கே போய் வில்லுக்கு மரம் வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது.

பனை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, கிளை இல்லை, கணு இல்லை, பத்தடி நேராகக் கிடைக்கும். வில்லுப்பாட்டு வில்லுக்குப் பனை வைரம் பேர்போனது. ஆனால் வைரம் முற்ற ஒரு மனித ஆயுள் நின்ற பனை வேண்டும். 2021-இல் தமிழக அரசு பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. அது நல்ல அறிவிப்பு. ஒரு வில்லுக்காக நிற்கும் பனையைச் சாய்ப்பதை மரபைக் காப்பது என்று சொல்ல மாட்டேன். பனை நமக்குத் தேவையான வைரத்தை வேறு வடிவில் ஏற்கனவே கொடுத்துவிட்டது. இந்த மாவட்டத்தின் பழைய ஓட்டு வீடுகளின் கூரையைத் தாங்கிக் கிடப்பவை பனங்கைகள். கூரைக்கடியில் பல ஆண்டு வெக்கையில் உலர்ந்து, இனிச் சுருங்கவோ முறுக்கவோ ஒன்றுமில்லாமல் கிடக்கும் மரம் அது. வீட்டை இடித்துக் கான்கிரீட் போடும்போது அவை விறகாகப் போகின்றன. முழு நீளத்துக்கும் அவை கிடைப்பதில்லை. ஆணி அடித்த இடமும் சுவரில் பதிந்து உளுத்த முனையும் போக, ஐந்தடி ஐந்தரை அடி நல்ல துண்டாக மிஞ்சும். அப்படி இரண்டைச் சேர்த்தால் பத்தடி வில். சேர்க்காவிட்டால் சாம்பல்.

பனையைச் சேர்ப்பதில் ஒரு தனிக் கவனம் வேண்டும். தேக்கைப்போல் உள்ளும் புறமும் ஒரே சீராக இருக்கும் மரம் அல்ல அது. கறுத்த நார்கள் வெளிப்பக்கம் நெருங்கியும், உள்ளே போகப்போக விலகி இடையில் சோறு மிகுந்தும் இருக்கும். பசை சோற்றைப் பிடித்தால் பயனில்லை. உள்பக்கச் சோறு போய் நெருங்கிய நார் தெரியும்வரை இழைத்து, சரிவை ஆறு எட்டு அங்குலத்துக்கு நீட்டி, ஒட்டிக் காய்ந்தபின் மேலே இறுக்கமாக நூல்கட்டுப் போட வேண்டும். அந்தக் கட்டைத்தான் "மறைப்பு" என்று பழிக்கிறார்கள். சரிவின் கூர்முனைகள் மேலெழும்பாமல் பிடித்துவைப்பது அந்தக் கட்டு. ஒட்டை வாங்குபவரிடம் சொல்லி, கட்டுப் போடும் முன் காட்டிவிட்டால் ஏமாற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தத் தடையால் நடப்பது என்ன என்று கேட்பவர்களுக்கு: வில் செய்ய ஆசைப்படும் பிள்ளை, நேர்த்தண்டு கிடைக்காமல் பி.வி.சி. குழாயை வளைக்கிறான், அல்லது கண்ணாடி இழை வில்லை விலைக்கு வாங்குகிறான். அந்தக் கண்ணாடி இழை வில் நூலிழையைப் பசையில் தோய்த்து இறுக்கியது. முழுக்க முழுக்க ஒட்டு. ஒட்டை வெறுக்கச் சொல்லிக் கொடுத்து, ஒட்டின் கடைசி வடிவத்திடம் அவனை அனுப்பிவைக்கிறோம். நடுவில் இழப்பது உளியையும் ரம்பத்தையும் கரிப்பொடியையும், அவற்றைக் கற்றுத்தரத் தெரிந்த ஆசாரியையும்.

விழாக் கமிட்டியாரும் பயிற்சியாளர்களும் எத்தனை துண்டு என்று கேட்பதை விட்டுவிடட்டும். ஒட்டு எந்த இடத்தில் இருக்கிறது, சரிவு எத்தனை அங்குலம், என்ன பசை, எத்தனை நாள் காயவிட்டது, இரண்டு துண்டும் ஒரே மரமா என்று கேட்கட்டும். அம்பெய்யும் வில்லானால் முதல் முழு இழுப்பைக் கையால் இழுக்காமல், சுவரில் அடித்த தாங்கியில் மாட்டிக் கயிற்றால் தள்ளி நின்று இழுத்துப் பார்க்கட்டும். ஒற்றைத் தண்டு வில்லுக்கும் இதே சோதனையை வைக்கட்டும். வில்லுப்பாட்டு வில் வேண்டுவோர், தெருவில் ஓட்டு வீடு இடிபடும் செய்தி கேட்டவுடன், லோடு ஏறும் முன் போய்ப் பனங்கைகளைத் தட்டிப் பார்க்கட்டும். கணீரென்று கேட்கிற, உளுப்பும் வெடிப்பும் இல்லாத ஐந்தடித் துண்டுகளில் இரண்டை, கூடுமானால் ஒரே பனையைப் பிளந்தவையாக, ஒதுக்கித் தரச் சொல்லி விறகு விலைக்கு மேல் கொடுத்து வாங்கி வரட்டும்.